பழவேற்காடு போய்வந்த நாற்பது பேர்

மேனாம்பேடு,
12-1-1992

அன்புள்ள அண்ணாவுக்கு, குமாரி எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அம்மாவும் சுகம். அம்மாவுக்கு மூட்டு வலி மட்டும் விட்டபாடில்லை. "சத்தியராஜ் பொங்கல் லீவுக்காவது வருவானா?" என்று தினம் ஒரு தடவை கேட்கிறாள். செங்கல்பட்டில் நீங்களும் அண்ணியும் சாமுவேலும் சுகம்தானே?

விசாரித்தாயிற்று, இனி சண்டை. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேரை மூன்று நாள் பழவேற்காடு அழைத்துப்போக, இயற்கை முகாம் திட்டத்தில் பணம் கேட்டு நான் போட்ட விண்ணப்பம் அக்டோபரிலேயே உங்கள் கல்வி ஆபீஸுக்கு வந்துவிட்டது. மூன்று மாதமாக அங்கே என்ன அடைகாத்துக்கொண்டிருக்கிறதா? பஸ், சாப்பாடு, தங்க இடம் எல்லாம் அரசாங்கம் தருவதாகச் சொன்னதுதான். என் கல்யாணத்துக்குப் பந்தல் போடச் சொல்லியா கேட்கிறேன்?

சனிக்கிழமைதோறும் இவர்களை அயனம்பாக்கம் ஏரிக்கரைக்குக் கூட்டிப்போகிறேன் என்று எழுதியிருந்தேனே, அதற்கு எங்கள் ஹெட்மாஸ்டர் துலுக்கானம் சார் சிரிக்கிறார். "ஏரியப் பாக்கறதுக்கு இன்னாத்துக்கும்மா கிளாஸு? இதுங்க பொறந்ததே ஏரிக்கரைலதானே!" பிறந்ததென்னவோ உண்மை. ஆனால் எல்லார் வீட்டிலும் அப்பா அம்மா இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வேலை. லேத்து, பிரஸ், டிரில்லிங் என்று மிஷின் பெயரெல்லாம் தண்ணீர் பட்ட பாடாகத் தெரிகிறது, நீர்க்காகத்தைக் காட்டினால் வாத்து என்கிறார்கள்.

ஒருத்தி மட்டும் வேறு மாதிரி. பெயர் நாகவல்லி. அப்பா வேம்புலி ஒரு கம்பெனியில் பிரஸ் ஓட்டுகிறார். சரியான வாயாடி. நீர்க்காகம் முங்குவதை எண்ணிவிட்டு, "அது இருவத்திமூணுலயே மேல வந்துடுது டீச்சர், நான் முப்பது வரிக்கும் மூச்சு புடிப்பேன்" என்கிறாள். பழவேற்காட்டுப் பூநாரை பற்றிச் சொன்னால், "செவப்புக் கொக்கு நெஜமாவே கீதா, இல்ல சும்மா உடறீங்களா?" என்று இடுப்பில் கை வைத்துக் கேட்கிறாள். மார்ச் தாண்டினால் பூநாரை போய்விடும், அண்ணா. என் பணி வரன்முறை ஃபைலும் உங்கள் மேஜையில்தான் கிடக்கிறது. நாலு வருஷமாகத் தற்காலிக டீச்சராகவே இருக்கிறேன். அதை நான் கேட்கவில்லை, இதைக் கேட்கிறேன்.

அண்ணிக்கு என் அன்பு.
உங்கள் தங்கை,
ஞானகுமாரி


செங்கல்பட்டு,
18-3-1992

அன்புத் தங்கைக்கு, கர்த்தருக்குள் வாழ்த்துச் சொல்லி அண்ணன் எழுதுவது. நாங்கள் யாவரும் நலம். அம்மாவின் மூட்டுக்கு நல்லெண்ணெயைச் சூடு பண்ணித் தேய்த்து விடு. பொங்கலுக்கு வர முடியவில்லை, ஈஸ்டருக்குப் பார்க்கலாம்.

உன் மூன்று கடிதமும் கிடைத்தது. மூன்றையும் அண்ணிக்குப் படித்துக் காட்டினேன், விழுந்து விழுந்து சிரித்தாள். உன் முகாமுக்கு ஆர்டர் ஆகிவிட்டது, போதுமா? இனி அடைகாக்கிறேன் என்று என்னைத் திட்டாதே.

ஒரே ஒரு சங்கடம். மார்ச் முப்பத்தொன்றுக்குள் செலவாகாத பணம் திரும்பிப் போய்விடும். பில் பாஸாகிப் பணம் உன் கைக்கு வர மே ஆகும். ஆகவே வழக்கமாகச் செய்வதைச் செய்வோம். 27, 28, 29 தேதிகளில் முகாம் நடந்து முடிந்ததாக ஒரு சான்று எழுதிக் கையெழுத்துப் போடு. நாற்பது பேர் பட்டியலும், பிள்ளைகள் பழவேற்காட்டில் கண்டதைக் கைப்பட எழுதிய கட்டுரையும் கூடவே வரட்டும். பணம் வந்தபின் ஜூனில் ஜாம் ஜாமென்று போய்வா. யார் கேட்கப் போகிறார்கள்?

அந்த மூன்று நாளும் அந்த நாற்பதும் பள்ளிப் பக்கம் தலைகாட்டக் கூடாது. முகாமில் இருப்பதாகச் சொன்ன பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்திருப்பதை விசிட் வந்தவர் யாராவது பார்த்தால் மானம் போய்விடும். வரன்முறை ஃபைல் ஞாபகம் இருக்கிறது. எல்லாம் அண்ணன் பார்த்துக்கொள்வேன்.

சத்தியராஜ்


மேனாம்பேடு,
22-3-1992

அன்புள்ள அண்ணாவுக்கு, சுகம். அம்மா சுகம், எண்ணெய் தேய்த்து விடுகிறேன்.

ஜூனில் பழவேற்காட்டில் என்ன இருக்கும்? கருவாடும் வெயிலும் இருக்கும். உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடலாம் என்றுதான் வந்தது. ஒரு நாள் முழுக்கக் கோபமாக இருந்தேன். பிறகு, இதையும் விட்டால் இந்தப் பிள்ளைகளுக்கு எதுவுமே கிடைக்காது என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டு உட்கார்ந்தேன். நான் சீக்கிரம் சமாதானமாகிவிடுகிறவள், அது உங்களுக்கும் தெரியும்.

கட்டுரையைப் போர்டில் எழுதிப்போட்டேன். "போவாமலே எப்டி டீச்சர் எழுதறது?" என்று எழுந்தவள் யார் என்று சொல்லவே வேண்டாம். "முதலில் எழுதுவோம், பிறகு போய் அங்கே சரியாக இருக்கிறதா என்று பார்ப்போம்" என்று மழுப்பினேன். எல்லாரும் போர்டில் இருந்ததை எழுதினார்கள். நாகவல்லி மட்டும் தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்திருக்கிறாள்: "ஒரு பூநாரை ஒற்றைக் காலில் நின்றது, நானும் அதுபோல் நின்று பார்த்தேன், சேற்றில் விழுந்துவிட்டேன்." படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மூன்று நாள் வராதீர்கள் என்றதும் கூரை பறக்கக் கத்தினார்கள். இந்தச் சனிக்கிழமை ஏரிக்கும் கிடையாது என்று சொல்லிவிட்டேன். எல்லாக் காகிதமும் நாளை பதிவுத் தபாலில் வரும்.

குமாரி


மேனாம்பேடு,
10-4-1992

அண்ணாவுக்கு, எல்லாரும் சுகமென்று நம்புகிறேன். போன கடிதத்துக்குப் பதில் வரும் முன்பே இதை எழுதுகிறேன். உடனே படியுங்கள்.

28-ஆம் தேதி சனிக்கிழமை. வேம்புலியின் கம்பெனியில் அடிபட்டு விழுகிற வாஷரை அள்ளிப் போடும் பெண் காய்ச்சலென்று வரவில்லை. மகளுக்குத்தான் பள்ளிக்கூடம் இல்லையே, சும்மாதானே இருக்கிறாள் என்று நாகவல்லியைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். பத்தரை மணிக்குப் பிரஸ் இறங்கியபோது அவளுடைய வலது கை உள்ளே இருந்திருக்கிறது. மூன்று விரல் போய்விட்டது, அண்ணா. கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம்.

முதலாளி சண்முகசுந்தரம் தனக்குத் தெரிந்த டாக்டரிடம் காட்டியிருக்கிறார். சீட்டில் 30-ஆம் தேதி, சைக்கிள் செயினில் மாட்டிய காயம் என்று எழுதியிருக்கிறது. அந்தப் பெண் கம்பெனிக்குள் கால் வைத்ததே இல்லை என்று இப்போது சொல்கிறார். வேம்புலியை வேலையை விட்டு நிறுத்தியாயிற்று. யூனியன்காரர் ஒருவர் உதவியோடு லேபர் ஆபீஸில் நஷ்டஈடு கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அவள் அம்மா சாமுண்டீஸ்வரி நேற்று பள்ளிக்கே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏம்மா லீவு உட்டே? சனிக்கெயமன்னா எம்பொண்ணு உங்கூட ஏரிக்குத்தானே போவும்" என்று அழுதாள்.

அந்தச் சான்றைத் திரும்ப எடுத்துவிடுங்கள். அதே தேதியில் அவள் பழவேற்காட்டில் இருந்ததாக என் கையெழுத்து இருக்கிறது. பணமும் வேண்டாம், முகாமும் வேண்டாம். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

குமாரி


செங்கல்பட்டு,
2-6-1992

அன்புத் தங்கைக்கு, கர்த்தர் உன்னைத் தாங்குவாராக. ஆடிட் முடிந்து இப்போதுதான் மூச்சு விடுகிறேன், அதனால்தான் பதில் தாமதம். ஈஸ்டருக்கும் வர முடியவில்லை. அம்மா கோபித்துக்கொண்டாளா?

அந்தப் பிள்ளைக்காக வீட்டு ஜெபத்தில் தினமும் மன்றாடுகிறோம். அண்ணி கண் கலங்கினாள். ஆனால் சான்றைத் திரும்ப எடுப்பதெல்லாம் நடக்காத காரியம், பில் பாஸாகிவிட்டது. யார் கேட்டாலும் காகிதத்தில் உள்ளதை மட்டும் சொல், கூடவோ குறையவோ பேசாதே. ஜூனில் முகாம் வேண்டாம். சலசலப்பு அடங்கட்டும்.

ஒரு நல்ல செய்தி. சாமுவேலுக்கு உங்கள் எஸ்டேட்டிலேயே ஸ்டோர் கீப்பர் வேலை கிடைத்திருக்கிறது. ஜூலையிலிருந்து உன் வீட்டிலேயே தங்கட்டும், அம்மாவுக்கும் துணையாயிற்று. அவனுக்குக் காரம் ஆகாது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்.

சத்தியராஜ்


மேனாம்பேடு,
24-8-1992

அண்ணாவுக்கு, அம்மா சுகம். சாமுவேல் சுகம், நன்றாகச் சாப்பிடுகிறான்.

அவனுக்கு எந்தக் கம்பெனியில் வேலை என்று நீங்கள் எழுதவில்லை. வந்து இறங்கிய மறுநாளே அவன் சட்டைப்பையில் பாட்ஜைப் பார்த்தேன். சண்முகசுந்தரத்தின் கம்பெனி. அப்போதும், ஏதோ தற்செயலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

முந்தாநாள் வேம்புலி வீட்டுக்கு வந்தார். கம்பெனி தரப்பில் தாக்கல் செய்த காகிதங்களின் நகலைக் கொண்டுவந்திருந்தார். அவருக்குப் படிக்க வராது. "இதுல இன்னா போட்டுகீதுன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லு டீச்சரம்மா, உன்ன வுட்டா எனக்கு யாரு கீறாங்க?" என்று நீட்டினார். முதல் தாள் என் சான்று. இரண்டாவது நாற்பது பேர் பட்டியல். மூன்றாவது நாகவல்லி எழுதிய கட்டுரை, அவளுடைய வலது கை எழுத்து. முதல் தாளின் ஓரத்தில் உங்கள் ஆபீஸ் முத்திரை, அதன்மேல் உங்கள் சுருக்கொப்பம்.

அவரிடம் "பள்ளிக்கூடத்துக் காகிதம்" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். காபி கொடுத்தேன், குடித்துவிட்டு, "மவராசியா இரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மகனுக்கு ஒரு வேலைக்காகவா, அண்ணா? கேட்கக்கூட எனக்கு நாக்கூசுகிறது. செப்டம்பர் ஒன்பதாம் தேதி விசாரணைக்கு என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். முகாமே நடக்கவில்லை என்று சொல்லப்போகிறேன். நடப்பது நடக்கட்டும்.

ஞானகுமாரி


செங்கல்பட்டு,
29-8-1992

அன்புத் தங்கைக்கு, நலம், உன் நலமே என் கவலை. உன் கடிதத்தை அண்ணியின் கண்ணில் படும் முன் கிழித்துப் போட்டேன். இந்தக் கடிதத்தையும் நீ அப்படியே செய்.

கொஞ்சம் நிதானமாக யோசி. என் சுருக்கொப்பம் "பார்வையிட்டேன்" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லாது. சான்றில் கையெழுத்து உன்னுடையது. போர்டில் எழுதிப்போட்டது உன் கை, வராதீர்கள் என்று பிள்ளைகளை அனுப்பியது உன் வாய். முகாம் நடக்கவில்லை என்று நீ எழுந்து நின்று சொன்னால், அந்தப் பெண் சனிக்கிழமை ஏன் வீட்டில் இருந்தாள் என்றுதான் அடுத்த கேள்வி வரும். விரல் போனதற்குக் காரணம் தேடுகிறவர்கள் மிஷினிலிருந்தா ஆரம்பிப்பார்கள்? உன்னிடமிருந்துதான் ஆரம்பிப்பார்கள். சாமுண்டீஸ்வரியோ யாரோ, அவள் அன்றைக்கு உன் கையைப் பிடித்தாளே, அதே கையால் உன் தலைமயிரைப் பிடிப்பாள்.

அரசாங்கப் பணத்துக்குப் பொய்ச் சான்று கொடுத்தவள் என்று வேலை போகும், கேஸ் வரும். அப்போது அம்மாவை யார் பார்ப்பது? எங்கள் வீட்டில் இருப்பது ஒரே அறை. இதை நீ என்னை எழுத வைக்கக் கூடாது. எத்தனை லட்சம் வந்தாலும் அந்தப் பெண்ணுக்கு விரல் முளைக்கப் போவதில்லை, உன் வேலை மட்டும்தான் போகும்.

சண்முகசுந்தரம் கெட்டவர் அல்ல. ஜனவரியில் உன் பிள்ளைகளைப் பழவேற்காடு அழைத்துப்போகும் செலவு முழுவதையும் அவரே ஏற்கிறார். எத்தனை பிள்ளைகளுக்கு நல்லது என்று நினைத்துப் பார். வரன்முறை ஃபைலை நான் இன்னும் மேலே அனுப்பவில்லை. பத்தாம் தேதி அனுப்பலாம் என்றிருக்கிறேன்.

அம்மாவுக்கு என் முத்தங்கள்.
சத்தியராஜ்


மேனாம்பேடு,
11-9-1992

அண்ணாவுக்கு, சுகம். ஒன்பதாம் தேதி விசாரணை நடந்தது. நீங்கள் சொன்னபடியே சொன்னேன். அம்மாவுக்கு வலி தேவலை.

குமாரி


செங்கல்பட்டு,
20-12-1992

அன்புத் தங்கைக்கு, கிறிஸ்து பிறப்பின் சந்தோஷம் உன் வீட்டை நிரப்பட்டும். பதில் வராமல் நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது. உன் முகமே சரியில்லை, பேச்சும் இல்லை என்று சாமுவேல் சொன்னான். வேளைக்குச் சாப்பிடு.

வேம்புலியின் மனு தள்ளுபடியானது தெரிந்திருக்கும். நமக்கு ஒரு பாரம் இறங்கியது. இத்துடன் உன் பணி வரன்முறை ஆர்டரை வைத்திருக்கிறேன். இது உனக்கு அண்ணனின் கிறிஸ்துமஸ் பரிசு. இனி உன்னை யாரும் அசைக்க முடியாது.

ஜனவரி 22-ஆம் தேதி காலை பஸ் வரும். கம்பெனி பெயர் போட்ட பேனரை முன்னால் கட்டச் சொல். ஒரு விஷயம், ஒரு பிள்ளைக்கு ஒரு தடவைதான் என்பது திட்டத்தின் விதி. பணம் சண்முகசுந்தரம் கொடுத்தாலும் முகாம் திட்டத்தின் பெயரில்தான் நடக்கிறது. ஆகவே போன வருஷம் போய்வந்த நாற்பது பேரும் வரக்கூடாது, இந்த வருஷத்து ஏழாம் வகுப்பைக் கூட்டிப்போ. அவர்கள் அழுதால் சமாளிப்பது உன் சாமர்த்தியம்.

வரும் ஈஸ்டருக்குக் கட்டாயம் வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்.

சத்தியராஜ்


மேனாம்பேடு,
31-1-1993

அண்ணாவுக்கு, அம்மா சுகம். நீங்கள் ஈஸ்டருக்கு வருவதாகச் சொன்னேன், சிரித்தாள்.

முகாம் நடந்தது. புறப்படுகிற அன்று போன வருஷத்துப் பிள்ளைகள் முப்பத்தொன்பது பேரும் கேட்டருகே நின்று பார்த்தார்கள். ஒருவரும் அழவில்லை, என்னோடு பேசவும் இல்லை. பஸ் கிளம்பியபோது ஒரு பையன் கீழே துப்பினான். பழவேற்காட்டில் பூநாரைகள் வந்திருந்தன, ஆயிரக்கணக்கில். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் கத்திய கத்தில் படகுக்காரர் அதட்டினார். எனக்கு அவமானமாக இருந்தது. பாதி நேரம் பஸ்ஸிலேயே உட்கார்ந்திருந்தேன்.

விசாரணை பற்றி உங்களுக்கு ஒரு வரிதான் எழுதினேன், மீதியை இப்போது எழுதுகிறேன். கம்பெனி வக்கீல் முதலில் கையெழுத்தைக் காட்டினார், "என்னுடையதுதான்" என்றேன். பிறகு கட்டுரையைக் காட்டினார், "அவள் எழுதியதுதான்" என்றேன். ஒற்றைக் காலில் நின்று சேற்றில் விழுந்தேன் என்ற அந்த வரியை உரக்கப் படித்து, "போகாத பிள்ளை இப்படி எழுதுமா?" என்று கேட்டார். "எழுதாது" என்றேன். "28-ஆம் தேதி காலை பத்தரை மணிக்கு நாகவல்லி எங்கே இருந்தாள்?" "என்னோடு பழவேற்காட்டில்." வேம்புலி எழுந்து நின்று, "டீச்சரம்மா, நீயா சொல்றே?" என்றார். நாகவல்லி மட்டும் என்னைப் பார்த்தபடியே இருந்தாள். தேதியே பொய் என்றால் மற்றதும் பொய்தான், தகப்பன் பணத்துக்காக மகளை வைத்துக் கதை கட்டுகிறான் என்று தீர்ப்பில் எழுதிவிட்டார்கள்.

நேற்று மத்தியானம் அவள் பள்ளிக்கு வந்தாள். அவர்கள் வானகரத்துக்குக் குடிபோகிறார்கள். வேம்புலிக்கு அங்கே லாரி ஷெட்டில் வாட்ச்மேன் வேலை. அவர் வெளியே மரத்தடியிலேயே நின்றுவிட்டார், உள்ளே வரவில்லை. டி.சி. வாங்க அவளை மட்டும் அனுப்பியிருந்தார். இடது கையால் கையெழுத்துப் போட்டாள், கோணல் மாணலாக. வலது கையைப் பாவாடை மடிப்புக்குள் வைத்திருந்தாள். போய்விடுவாள் என்று பார்த்தேன். கதவைச் சாத்திவிட்டு என் மேஜைக்கு வந்தாள்.

"டீச்சர், ஒண்ணு கேக்கவா?"

கேள் என்றேன். என்னைக் காறித் துப்பட்டும், நாலு வார்த்தை திட்டட்டும் என்று காத்திருந்தேன். சத்தியமாக அதற்குத்தான் காத்திருந்தேன், அண்ணா.

"புது ஸ்கூல்ல கையப் பாத்தா எப்டி ஆச்சுன்னு கேப்பாங்க. கம்பெனில போச்சுன்னு சொன்னா எங்க நைனாவ எல்லாம் பொய்க்காரன்னு சொல்றாங்க. அதான், அன்னிக்கு நான் உங்ககூட டூரு போய்ருந்தேன், அப்பால ஊட்டுக்கு வந்து சைக்கிள் செயின்ல மாட்டிக்கினேன்னே சொல்லிக்கிறேன். ஆனா அங்க இன்னா பாத்தேன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியலயே. போர்டுல எழுதினது பாதி மறந்துடுச்சு. நீங்க இப்ப நெஜமாவே போய்ட்டு வந்துகீறீங்களே, நான் இன்னா பாத்தேன்னு சொல்லிக் குடுங்க டீச்சர்."

அவள் குத்திக்காட்டவில்லை. பாடம் கேட்கிற முகத்தோடுதான் நின்றாள்.

சொல்லிக் கொடுத்தேன். முக்கால் மணி நேரம். தண்ணீர் முழங்கால் அளவுதான் இருக்கும், உப்புக் கரிக்கும், பூநாரை தலையைக் கவிழ்த்து வைத்துத்தான் தின்னும், பறக்கும்போதுதான் இறக்கையின் சிவப்பு தெரியும் என்றெல்லாம் சொன்னேன். அவள் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னாள். படகில் ஏறியதை மாற்றிச் சொன்னபோது திருத்தினேன். வெளியே அவள் அப்பா மரத்தடியில் பீடி பற்றவைத்துக்கொண்டு காத்திருந்தார்.

முழுவதும் ஒரு தடவை தடுக்காமல் ஒப்பித்துவிட்டு டி.சி.யை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். நான் அழுவதைப் பார்த்துவிட்டாள். கிட்டே வந்து, அந்தக் கையால்தான், என் தோளைத் தொட்டாள்.

"பயப்படாதீங்க டீச்சர். யாரு கேட்டாலும் இதேதான் சொல்லுவேன், மாத்த மாட்டேன். உங்களுக்கு ஒண்ணும் ஆவாது."

ஞானகுமாரி